நாளைக்கு கிளினிக் லீவு

...அதைத்தான் நானும் சொல்றேன் தம்பி, கடலுக்கு அடியில எண்ணெய் ஏரின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. வாயை நல்லாத் தொறங்க. இந்த உலகத்துல பாதிப் பேரு, படிச்சவங்களையும் சேத்துதான் சொல்றேன், தரைக்கு அடியில ஒரு பெரிய குகை இருக்கு, அதுக்குள்ள எண்ணெய் கறுப்பா தளும்பிக்கிட்டு நிக்குது, குழாயை விட்டா உறிஞ்சிக்கலாம்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குறாங்க. தப்பு. எப்பேர்ப்பட்ட தப்பு. ஏரியும் கெடையாது, குகையும் கெடையாது. பாறை. வெறும் பாறை. பாறைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ளதான் எண்ணெய். ஸ்பாஞ்சுல தண்ணி நிக்குதே, அந்த மாதிரி. பல்லும் அப்படித்தான். வெளிய பாத்தா பளிங்கு. கொஞ்சம் உள்ள போனா பூரா மெல்லிசு மெல்லிசா குழாய். இதை இந்த நாற்காலியில எத்தனையோ பேருக்குச் சொல்லிட்டேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட மறுத்துப் பேசினதில்லை.

கையைத் தூக்காதீங்க. வலிச்சா மட்டும்தான் தூக்கணும். வலிக்குதா? வலிக்காது, ஊசி போட்டாச்சு. எறக்குங்க.

அவசரம்னு வெளிய சிஸ்டர்கிட்ட சொன்னீங்களாம். எல்லாரும் அவசரந்தான் தம்பி. பல்லு வருஷக்கணக்கா, பொறுமையா, ஆற அமர சொத்தையாகும். அது வரைக்கும் ஒரு அவசரமும் இருக்காது. கம்பெனி டாக்டர் பாத்துட்டு, இந்தப் பல்லோட கடலுக்குப் போக முடியாது, போய் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வான்னதும் வந்துரும் பாருங்க ஒரு அவசரம். கம்பெனியை நான் குறை சொல்லமாட்டேன். நியாயமான சட்டம். நடுக்கடல்ல நின்னு துளை போடுற கப்பல்ல ராத்திரி ஒருத்தருக்குப் பல்லுவலி வந்தா என்ன பண்றது? ஒரு கடைவாய்ப் பல்லுக்காக ஹெலிகாப்டர் வரணும். எந்த ராஜாவோட பல்லுக்கு இந்த மரியாதை கெடைச்சிருக்கு? அதனாலதான் ஏறுறதுக்கு முன்னாடியே என்கிட்ட அனுப்பிடுறாங்க.

நீங்க அங்க என்ன வேலை? சமையலா? இல்லை... கிரேன். கிரேன் ஓட்டுறீங்க. பேசாதீங்க, கண்ணாடி வாய்க்குள்ள இருக்கு. உயரத்தைப் பாத்தாலே தெரியுதே. நாற்காலியே பத்தலை, கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. சிஸ்டர், அந்தக் காலுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க.

வாசல்ல ஒட்டியிருக்கே, நாளைக்கு கிளினிக் லீவுன்னு, பாத்தீங்களா? என் கையெழுத்துதான். நாளைக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் இந்தம்மா இங்க என்ன பண்றாங்கன்னு நீங்க நெனைக்கிறது புரியுது. வீட்டுல இருந்தா ஆளாளுக்கு வந்து ஏதாவது கேக்குறாங்க தம்பி. வாழ்த்து சொல்றவங்களை எங்க ஒக்கார வைக்கிறது, சாப்பாடு எத்தனை மணிக்கு, மாப்பிள்ளை நெஜமாவே வருவாரான்னு. இங்க யாரும் எதுவும் கேக்க முடியாது. எங்க வீட்டுக்காரர் இருக்காரே, அவரு வாயே தொறக்கமாட்டாரு. ஏன்னு கேட்டா சந்தர்ப்பம் கெடைக்கலைம்பாரு.

மாப்பிள்ளை வருவாரான்னு கேக்குறாங்கன்னு சொன்னேன்ல? அதுதான் விஷயம். நம்ம மாப்பிள்ளையும் உங்களை மாதிரி கடல்லதான். பாறையைப் படிக்கிறவரு. அதனால எங்க வீட்டுல அவருக்குக் கல்லு மாப்பிள்ளைன்னு பேரு. அவரு இந்த வீட்டுக்குள்ள வந்ததே இந்த நாற்காலி வழியாத்தான். ஒரு நாள் வந்து படுத்தாரு, வாயைத் தொறந்தாரு, நான் அசந்துட்டேன். முன்பல்லு ரெண்டும் தேஞ்சு போயிருக்கு, அரம் வச்சு ராவினாப்ல. என்ன தம்பி சாப்பிடுறீங்கன்னேன். கல்லுன்னாரு.

நெஜமாத்தான். காலேஜ்ல கத்துக்கிட்ட பழக்கமாம். பாறையில ஒரு துணுக்கை எடுத்து பல்லுல வச்சு கடிச்சுப் பாப்பாங்களாம். வழவழன்னு இருந்தா களிமண்ணு, நறநறன்னு இருந்தா வண்டல். கையால தடவிப் பாத்தா வித்தியாசம் தெரியாதாம், பல்லுக்குத்தான் தெரியுமாம். ஏன் தம்பி, கோடி கோடியா செலவு பண்ணி கப்பல் வாங்குறாங்க, மெஷின் வாங்குறாங்க, கடைசியில என்னோட பேஷண்ட்டோட முன்பல்லுதான் கருவியா? ரொம்பத் திட்டினேன். அன்னைக்குன்னு பாத்து சிஸ்டர் லீவு, எம் பொண்ணு வெளிய ஒக்காந்து டோக்கன் குடுத்துக்கிட்டிருந்தா. அவ வக்கீல். நான் திட்டினதெல்லாம் கதவு வழியா கேட்டிருக்கு. வெளிய வந்த மனுஷன்கிட்ட, உங்க பக்கத்து நியாயத்தைச் சொல்லவே விடலையான்னு கேட்டிருக்கா. அவ்வளவுதான். அவரு சொல்ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் சொன்னாரு.

கொப்புளிக்க வேணாம், இன்னும் முடியலை. கையை எறக்குங்க.

நல்ல பையன். குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த வேலை இருக்கே... முதல்ல ஒரு கப்பல் போகுமாம், பின்னால மைல் கணக்குல கயிறு மாதிரி கேபிளை இழுத்துக்கிட்டு. தண்ணிக்குள்ள காத்தைப் பீச்சி டமால் டமால்னு சத்தம் போடுமாம். அந்தச் சத்தம் கீழ போயி பாறையில மோதித் திரும்பி வர்றதை வச்சு படம் எடுக்குறாங்க. நம்ம எக்ஸ்ரே மாதிரின்னு வச்சுக்கங்க. அந்தப் படத்துல ஒரு எடத்துல பளிச்சுன்னு தெரிஞ்சா, ஆகா, இங்க இருக்குய்யான்னு எல்லாரும் எழுந்து நிப்பாங்களாம். கல்லு மாப்பிள்ளையும் ஒரு பளிச்சைக் கண்டுபிடிச்சாரு. அதுக்கு மேல கப்பலை நிறுத்தினாங்க, தோண்டினாங்க, தோண்டினாங்க, அப்படித் தோண்டினாங்க. என்ன இருந்துச்சு? ஒரு சிட்டிகை வாயு. அந்தப் பாறைக்குள்ள ஒரு ஸ்பூன் வாயு இருந்தாலும் படத்துல அதே மாதிரி பளிச்சுன்னுதான் தெரியுமாம். நெறைய இருந்தாலும் அதே பளிச்சு. சிமெண்ட்டை ஊத்தி துளையை மூடிட்டு வந்துட்டாங்க.

நான் நேராவே கேட்டேன். ஏன் மாப்பிள்ளை, ஒரு நெழலைப் பாத்துட்டு ஓட்டை போடுறது ஒரு படிப்பான்னு. மொகம் வாடலை அவருக்கு. அத்தை, ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதே ஒரு தகவல்தானேன்னாரு. எப்படி இருக்கு பாத்தீங்களா. நான் ஒரு பல்லைத் தோண்டிட்டு பேஷண்ட்டைப் பாத்து இப்படிச் சொன்னா விடுவாங்களா? நீங்க விடுவீங்களா?

சரி. இந்தப் பல்லு முடிஞ்சது. அருமையா வந்திருக்கு. இருங்க, எந்திரிக்காதீங்க. எதுக்கு இப்படித் துள்ளுறீங்க? சிஸ்டர், அந்த எக்ஸ்ரேயைக் கொஞ்சம் வெளிச்சத்துல பிடிங்க. ம்ம்... பக்கத்துப் பல்லுல ஒரு பழைய அடைப்பு இருக்கே, அதுக்குக் கீழ என்ன அது? நெழலா தெரியுதே. இது நான் போட்ட அடைப்பு இல்லை, யாரோ எப்பவோ போட்டது. மத்தவங்க போட்டதை நான் நம்பறதில்லை. தொறந்து பாத்துருவோம். சர்ட்டிபிகேட்ல கையெழுத்து போடுறவ நான் தம்பி. நாளைக்கு நடுக்கடல்ல அது வலிச்சா எம் பேருதான் கெடும். ஒரு நிமிஷ வேலை. படுங்க. கிரேன் ஓடிடாது.

எங்க விட்டேன்... ஆங், தேதி. நாளைக்கு நடக்கப்போறது மூணாவது தேதி தம்பி. ரெண்டு தடவை குறிச்சு ரெண்டு தடவையும் தள்ளிப்போச்சு. முதல் தடவை, கீழ போன குழாய் பாறையில சிக்கிக்கிச்சு. மேலயும் வரமாட்டேங்குது, கீழயும் போகமாட்டேங்குது. பாறைக்காரர் எறங்கிப் போகக்கூடாதுன்னுட்டாங்க. மனுஷன் கப்பல்லேருந்தே சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் பண்ணி மன்னிப்பு கேட்டாரு. யாராவது கல்யாணத்தைப் பத்திக் கவலைப்பட்டாங்களா? எண்ணெய் வந்துச்சா, எண்ணெய் வந்துச்சான்னுதான் கேட்டாங்க. அதை அவரு சொல்லக்கூடாதாம், கம்பெனி ரகசியமாம். கட்டிக்கப்போறவகிட்டயே சொல்லக்கூடாதாம். அவரு சொல்லமாட்டேன்னதும், ஓகோ, அப்ப நெறைய வந்திருக்குன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. எங்க பெரிய நாத்தனார் அன்னையிலேருந்து மாப்பிள்ளையை 'நீங்க வாங்க'ன்னுதான் கூப்பிடுறாங்க. அதுக்கு முன்னாடி 'அந்தப் பையன்'.

ரெண்டாவது தடவை தள்ளிப்போனது அந்த மாத்தாளால.

என்ன, தலையை ஆட்டுறீங்க? ஆட்டாதீங்க, ட்ரில் ஓடுது.

மாத்தாள் தெரியும்ல, உங்களுக்கும் ஒருத்தர் இருப்பாரே. ஒரு வேலை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆளு மட்டும் ரெண்டு. ஒருத்தர் கடல்ல இருந்தா இன்னொருத்தர் வீட்டுல. ஹெலிகாப்டர்லேருந்து அவன் எறங்கினாத்தான் இவரு ஏறலாம். பாறையைப் பாக்குற நாற்காலி காலியா இருக்கக்கூடாதாம். மூணு வருஷமா ஒரே கட்டில்ல மாத்தி மாத்திப் படுக்குறாங்க, ஒரு வார்த்தை பேசினதில்லையாம். எறங்குற எடத்துல அந்தக் காத்துலயும் சத்தத்துலயும் குனிஞ்சுக்கிட்டே ஓடும்போது ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். பேரு என்னன்னுகூட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை மாத்தாள்னு மட்டும்தான் சொல்லுவாரு. அதைச் சொல்லும்போதே பல்லைக் கடிப்பாரு. அதையும் நான்தான் பாக்கணும்.

ஏன்னு கேளுங்க. நாற்காலி. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால ஒரு நாற்காலி இருக்காம். அந்தப் படுபாவி நல்ல உயரமாம். எறங்கி வீட்டுக்குப் போகும்போது நாற்காலியை எவ்வளவு ஒசத்த முடியுமோ அவ்வளவு ஒசத்தி வச்சுட்டுப் போயிடுவானாம். மாப்பிள்ளை ஏறி ஒக்காந்தா காலு தரையில படாது, ஸ்கூல் பையன் மாதிரி தொங்கும். லேசுல திருகி எறக்கவும் முடியாதாம், அப்படி ஒரு முறுக்கு முறுக்கி வச்சிருப்பானாம். சரி, மாப்பிள்ளையாவது பெருந்தன்மையா விட்டாரா? அதுவும் இல்லை. இவரு திரும்பும்போது தரையோட தரையா எறக்கி வச்சுட்டு வந்துடுறாரு, அவன் முட்டி மேசையில இடிக்கட்டும்னு. ரெண்டு பேரும் பூமியோட வயசைக் கணக்குப் போடுறவங்க. அவங்க வயசைத்தான் நம்மளால கணக்குப் போட முடியலை.

கையை எறக்குங்க தம்பி. ரெண்டு கையுமா தூக்குவாங்க? அது சரணடையறவங்க செய்யறது.

ரெண்டாவது தேதிக்கு என்ன ஆச்சு, மாத்தாளுக்கு வயித்துக்கடுப்பு. ஹெலிகாப்டர் ஏற வரலை. மாப்பிள்ளை அங்கயே நின்னுட்டாரு. நான் சொல்றேன், வயித்துக்கடுப்பும் இல்லை ஒண்ணும் இல்லை. கல்யாணம்னு தெரிஞ்சு, வேணும்னே, அந்த நாற்காலிக்காக. அப்படிப்பட்டவன் மொகம் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்திருக்கேன். சின்னக் கண்ணு, கோணல் வாய். கண்ணை மூடிக்கிட்டீங்களா? நல்லது, லைட்டு கூசும்.

மறுபடியும் மாப்பிள்ளைதான் எல்லாருக்கும் போன் பண்ணாரு. அப்பத்தான் எம் பொண்ணு ஒரு சட்டம் போட்டா. வக்கீல் இல்லையா. இது அநியாயம், தப்பு ஒருத்தரு, போன் ஒருத்தரா? மூணாவது தடவையும் தள்ளிப்போச்சுன்னா, யாரால தள்ளிப்போச்சோ அவங்கதான் அழைச்ச எல்லாருக்கும் போன் பண்ணணும். மெசேஜ் கெடையாது. சொந்தக் குரல்ல, காரணத்தையும் சேத்துச் சொல்லணும். பெரிய நாத்தனாரும் உண்டு, விலக்கு கெடையாது. வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டோம். நான்தான் முதல்ல கைதட்டினேன். அந்த மாத்தாளை எங்க நாத்தனாரோட பேச விட்டுப் பாக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை.

கேக்குதா? அந்தா... சிஸ்டர், ஜன்னலைத் தொறங்க. நம்ம கூரைக்கு மேலதான் போகும் எப்பவும், கண்ணாடியெல்லாம் அதிரும். இதுதான் மத்தியான ஹெலிகாப்டர். ஏறுறவங்களை பையோட சேத்து எடை போட்டு, கடல்ல விழுந்தா எப்படித் தப்பிக்கிறதுன்னு படமெல்லாம் போட்டுக் காமிச்சு, ரொம்ப முன்னாடியே கதவைச் சாத்திடுவாங்களாம், மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. மாத்தாள் உள்ள ஒக்காந்திருப்பான் இந்நேரம். போயி அவன் எறங்குவான், நம்ம மாப்பிள்ளை ஏறுவாரு, சாயங்காலம் காபிக்கு வீட்டுல. போயிட்டு வாடா ராஜா. இன்னைக்கு மட்டும் உன்னை மன்னிச்சேன்.

இப்பத்தான் ஒடம்பைத் தளர்த்தி விட்டிருக்கீங்க. இதைத்தான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன். கையும் எறங்கிடுச்சு. இப்படி இருந்தா எனக்கும் வேலை சுலபம்.

ம்ம்... தொறந்தாச்சு. பாப்போம்... இது என்ன, சுத்தமா இருக்கே. வெள்ளை வெளேர்னு. சொத்தையும் இல்லை ஒண்ணும் இல்லை. அப்ப அந்த நெழல் எங்கேருந்து வந்துச்சு? சிஸ்டர், அந்தப் படத்தை இங்க குடுங்க. தொடைச்சீங்களா இதை? இது என்ன பழுப்பா... காபி. காலையில நான் கையில வச்சிருந்தேன்ல, அதுதான். சரி, சரி. சிமெண்ட் கலந்து குடுங்க, மூடிருவோம். வீண் வேலைன்னு நெனைக்காதீங்க தம்பி. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதே ஒரு தகவல்தானே.

கடிங்க. இன்னும் அழுத்தி. தொறங்க. முடிஞ்சது. கொப்புளிங்க.

என்ன சொல்றீங்க? நாக்கு மரத்திருக்கு, மெதுவா சொல்லுங்க. ஹெலி... ஆமா, போயிடுச்சே, இப்பத்தானே பாத்தோம். அதுல நீங்க போகணுமா? அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே... சரி. சொல்லத்தான் கையைத் தூக்கினீங்க. சரி. பரவாயில்லை, கிரேனுக்கு வேற ஆளு இருப்பாங்க ஒரு நாளைக்கு. என்ன? கிரேன் இல்லையா? பின்ன என்ன வேலை?

...மைக்ராஸ்கோப்பா.

நில்லுங்க. எந்திரிச்சு நில்லுங்க தம்பி. நேரா. சிஸ்டர், இவரு தலை லைட்டுல இடிக்குது பாருங்க.

நீங்களா?

ஒக்காருங்க. இல்லை, நானே ஒக்காந்துக்கிறேன். சின்னக் கண்ணுன்னு சொன்னேன், அது இல்லை உங்களுக்கு. வாய் கோணிக்கிட்டிருக்கு, அது நான் போட்ட ஊசியால. அந்த வயித்துக்கடுப்பு... நெஜமாவே வயித்துக்கடுப்புதானா? ஆஸ்பத்திரியில வேற படுத்திருந்தீங்களா? அடப்பாவமே. அந்த நாற்காலி... என்ன? முட்டி வீங்குதா? எங்க மாப்பிள்ளையாலதான் நீங்க ஒசத்த ஆரம்பிச்சீங்களா? அவரு என்கிட்ட அந்தப் பாதியைச் சொல்லவே இல்லையே.

அடுத்த ஹெலிகாப்டர் எப்ப? நாளான்னைக்கா. அதுக்கு நடுவுல ஒரு படகு, தோணி, எதுவும்...? இல்லை. சரி.

சிஸ்டர், அந்த போனை எடுங்க. யாரு? கடல்லேருந்தா? குடுங்க.

சொல்லுங்க மாப்பிள்ளை. ஆமா, கேள்விப்பட்டேன். லிஸ்ட்ல மாத்தாள் பேரு இல்லையா? அதானே. அந்த ஆளைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே மாப்பிள்ளை, போன தடவையும் இப்படித்தான்... எப்பப் பாத்தாலும் ஒரு சாக்கு...

...

இல்லை மாப்பிள்ளை, லைன் இருக்கு. அவரு எனக்கு எதுத்தாப்புலதான் நிக்குறாரு. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு. என்னையே பாக்குறாரு. அவரு மேல தப்பு இல்லை. பல்லு டாக்டர்கிட்ட வந்த எடத்துல நேரமாயிடுச்சு. எந்த டாக்டரா? ஏன் மாப்பிள்ளை, ஊர்ல எத்தனை டாக்டர் இருக்காங்க... இந்த டாக்டர்தான். ஒரு நெழல் தெரிஞ்சுச்சு, தொறந்து பாத்தேன். என்ன இருந்துச்சா? சிரிக்காதீங்க. ஒண்ணும் இல்லை. காபி. ம். மூடிட்டேன். சிமெண்ட்தான்.

ஆமா, சட்டம் ஞாபகம் இருக்கு. நான்தான் கைதட்டினேன். ஞாபகம் இருக்கு. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன். வைங்க... இருங்க, வச்சுடாதீங்க. நாளான்னைக்கு கிளம்புறப்ப அந்த நாற்காலியை ஒரு நடுவான உயரத்துல வச்சுட்டு வாங்க. மாமியார் சொன்னாங்கன்னு வச்சுக்கங்க. ம்ம். வச்சுடறேன்.

தம்பி, நீங்க ஏன் இன்னும்... சர்ட்டிபிகேட். ஆமா, மறந்தே போயிட்டேன். இந்தாங்க, கையெழுத்து போட்டாச்சு. பற்கள் நல்ல நிலையில் உள்ளன. உண்மைதானே, ஒரு பல்லுக்கு ரெண்டு பல்லா உறுதி பண்ணியிருக்கேன். ரெண்டு மணி நேரத்துக்கு அந்தப் பக்கமா எதையும் மெல்லாதீங்க. அப்புறம் தம்பி, இனிமே குறிக்கிற தேதிக்கு நீங்களும்... போயிட்டாரா? அதுக்குள்ளயா? எவ்வளவு நீளக் காலு. ஸ்டூலைக்கூட தள்ளி வச்சுட்டுப் போயிருக்காரு.

யாருகிட்டேருந்து ஆரம்பிக்கிறது? பெரிய நாத்தனாரைக் கடைசியா வச்சுக்கலாம்னா, அதுக்குள்ள அவங்களுக்கு வேற யாராவது சொல்லிடுவாங்க. அது இன்னும் மோசம். முதல்லயே பண்ணிடலாம். சொந்தக் குரல்ல. காரணத்தையும் சேத்து.

...ஹலோ. அண்ணியா? நான்தான். இல்லை இல்லை, நல்லாத்தான் இருக்கோம். ஒரு விஷயம் சொல்லணும் அண்ணி, கொஞ்சம் ஒக்காந்துக்கங்க... எண்ணெயா? அது தெரியாது அண்ணி. இது வேற. சொல்றேன். சொல்றேன். நீங்க என்னைக் கொஞ்சம் பேச விட்டாத்தானே... சரி, நீங்க சொல்லி முடிங்க. நான் கேக்குறேன்.

சிஸ்டர்... இங்க வாங்க, போனைக் கையால மூடியிருக்கேன். வாசல்ல ஒட்டியிருக்குல்ல ஒரு தாளு, நாளைக்கு லீவுன்னு. அதை எடுத்துருங்க.